நாளையை எழுதி வைக்கும் ஏடு

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று எத்தனையோ புதிய டைரிகள் திறக்கப்படுகின்றன. பொங்கல் வரை அவற்றில் அழகான கையெழுத்தைக் காணலாம். மாசி பிறப்பதற்குள் எழுத்து குறையும். பங்குனியில் அதே டைரி மளிகைக் கணக்கு எழுதவோ, குழந்தைகள் படம் வரையவோ பயன்படத் தொடங்கும். ஆண்டு முடிவில் எடுத்துப் பார்த்தால் முக்கால் பங்கு வெற்றுத்தாள்! "நமக்கு ஒழுங்கு போதாது" என்று நம்மையே நொந்துகொண்டு, அடுத்த ஆண்டு இன்னும் விலை கூடிய டைரி ஒன்றை வாங்குகிறோம்.

குற்றம் நம்முடையதுதானா? செருப்பு கடித்தால் நாம் காலைக் குறை சொல்வதில்லை. அளவு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். திட்டமிட உதவும் ஏடுகளுக்கும் அளவு உண்டு. ஒருவருடைய வேலை எந்தச் சுழற்சியில் நடக்கிறதோ, அந்தச் சுழற்சியில் ஏட்டின் பக்கங்களும் அமைந்திருக்க வேண்டும். அப்படி அமையாத ஏடு, எவ்வளவு உயர்ந்த தாளில் அச்சிடப்பட்டிருந்தாலும், சில வாரங்களில் கைவிடப்படும்.

இதனை விளக்கத் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். மூன்று வகைக் காலக் கணக்குகள் ஒரே சமயத்தில் மக்களின் அன்றாட வாழ்வை நடத்தும் ஊர் அது. அங்கே தேரடி வீதியில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவரையும், பிளஸ் டூ படிக்கும் அவர் மகளையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிரிவலக் கூட்டம் வரும் நாளைத் தவறாகக் கணித்தால் தந்தை வாங்கிய பூ கூடையிலேயே வாடிப்போகும். செய்முறைத் தேர்வுக்குரிய ரெக்கார்டு நோட்டை முடிக்கும் நாளைத் தவறவிட்டால் மகளின் மதிப்பெண் குறையும். இருவருக்கும் ஏடு தேவை. ஆனால் ஒரே வகை ஏடு இருவருக்கும் பொருந்துமா?

மனம் ஏன் மறக்கிறது?

முதலில் மனத்தின் அமைப்பைச் சற்றுக் காண்போம். ஒரே நேரத்தில் நாம் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1956-இல் அந்த எண்ணிக்கையை ஏழு என்று மதிப்பிட்டார். இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம் என்றார். நெல்சன் கோவன் என்பவர் 2001-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உண்மையான அளவு நான்கை ஒட்டியே இருக்கும் என்று காட்டினார். வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் ஐந்தாவது பொருள் மறந்துபோவதில் வியப்பில்லை.

நடந்ததை நினைவுகூர்வது ஒருவகை நினைவாற்றல். இனிச் செய்ய வேண்டியதை உரிய வேளையில் நினைவுக்குக் கொண்டுவருவது வேறொரு வகை. இரண்டாவதை நாம் 'எதிர்நோக்கு நினைவு' என்று அழைக்கலாம். இதிலும் இரு பிரிவுகள் உண்டு. "மருந்துக்கடையைப் பார்த்ததும் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும்" என்பது ஒன்று; இங்கே கடையே நமக்கு நினைவூட்டுகிறது. "மாலை நான்கு மணிக்கு மண்டிக்குப் போன் செய்ய வேண்டும்" என்பது மற்றொன்று. இங்கே நினைவூட்டும் பொருள் எதுவும் கண்முன் இல்லை. பொதுவாக நமக்குத் தவறிப்போவது இந்த இரண்டாவது வகைதான். கண்முன் இல்லாத நினைவூட்டியைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதே காகித ஏட்டின் முதல் வேலை.

முடிக்காத வேலை மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பதையும் நீங்கள் உணர்ந்திருப்பீர்கள். அந்த உறுத்தலைத் தீர்க்க வேலையையே முடித்தாக வேண்டும் என்பதில்லை என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே உறுத்தல் பெரிதும் அடங்கிவிடுகிறது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 57 இளைஞர்கள் பங்கேற்றனர். படுக்குமுன் ஐந்து நிமிடம், ஒரு பாதியினர் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும் மறு பாதியினர் செய்து முடித்த வேலைகளையும் எழுதினர். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டனர். எழுதியவுடன் மனம் தன் சுமையைத் தாளில் இறக்கி வைத்துவிடுகிறது போலும்!

ஆனால் இறக்கி வைத்த இடத்தில் மறுபடி தேடினால் அது கிடைக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் ஏட்டின் அமைப்பு முக்கியமாகிறது.

ஓர் ஊர், மூன்று கணக்குகள்

திருவண்ணாமலையில் பள்ளி, வங்கி, ஆட்சியர் அலுவலகம், மின் கட்டணம் ஆகியவை ஆங்கிலத் தேதிப்படி நடக்கின்றன. இது முதல் கணக்கு.

இரண்டாவது, சூரியனைக் கொண்டு அமைந்த தமிழ் மாதம். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குச் செல்லும்போது மாதம் பிறக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமன்று. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகிலும், ஜூலைத் தொடக்கத்தில் தொலைவிலும் இருக்கிறது. அருகில் இருக்கும்போது வேகம் அதிகம். ஆகவே மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிகிறது. ஆனி 31 அல்லது 32 நாள் நீள்கிறது.

மூன்றாவது, நிலவின் கணக்கு. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பாதையில் மக்கள் வெள்ளம் நடக்கிறது. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்குச் சராசரி 29.53 நாள். பன்னிரண்டு பௌர்ணமிகளுக்கு 354.36 நாள். ஆண்டோ 365 நாளுக்குச் சற்று மேல். எனவே ஒவ்வோர் ஆண்டும் பௌர்ணமிகள் ஆங்கிலத் தேதியில் சுமார் 11 நாள் முன்னே நகர்கின்றன.

கார்த்திகைத் தீபத்தைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் மகாதீபம் ஏற்றப்பட்ட நாட்கள் இவை:

2020 — நவம்பர் 29
2021 — நவம்பர் 19
2022 — டிசம்பர் 6
2023 — நவம்பர் 26
2024 — டிசம்பர் 13
2025 — டிசம்பர் 3

இவற்றில் ஓர் ஒழுங்கு தெரிகிறதா? ஒன்று 10 நாள் முன்னே வருகிறது. அல்லது 17 நாள் பின்னே போகிறது. பௌர்ணமிக்குரிய 11 இங்கே இல்லை. காரணம், இவ்விழா கார்த்திகை மாதத்தில் நிலவு கிருத்திகை நட்சத்திரத்தை அடையும் நாளைக் கொண்டு குறிக்கப்படுகிறது. நிலவு ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நட்சத்திரத்திற்கு வர 27.32 நாள் ஆகும். அப்படி 13 சுற்றுக்கு 355 நாள். ஓர் ஆண்டுக்குப் பத்து நாள் குறைவு. 14 சுற்றுக்கு 382 அல்லது 383 நாள். ஓர் ஆண்டுக்குப் பதினேழு நாள் அதிகம். பதின்மூன்றாவது சுற்று ஐப்பசியிலேயே முடிந்துவிட்டால் பதினான்காவது சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். 2023 நவம்பர் 26-இலிருந்து 355 நாள் எண்ணினால் 2024 நவம்பர் 15. அன்று ஐப்பசியின் கடைசி நாள்! அதனால்தான் அவ்வாண்டுத் தீபம் டிசம்பருக்குத் தள்ளிப்போயிற்று.

இவ்விழா பௌர்ணமியை ஒட்டியே வருவதற்கும் காரணம் எளியது. கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிக ராசியில் இருக்கிறது. கிருத்திகை மீன்கூட்டம் இருப்பது ஏறத்தாழ அதற்கு நேர் எதிர்ப்புறத்தில். சூரியனுக்கு எதிரே நிலவு வரும்போதுதானே அது முழுநிலவாகத் தெரியும்?

கட்டத்துக்குள் அடங்காத திதி

டைரியில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். அது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும். திதி அப்படித் தொடங்குவதில்லை. சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலமே ஒரு திதி. அது நண்பகலிலும் பிறக்கலாம், விடியற்காலையிலும் பிறக்கலாம். நிலவும் சீரான வேகத்தில் செல்வதில்லை. ஆகவே திதியின் நீளம் சுமார் 19 மணி முதல் 26 மணிக்குச் சற்று மேல் வரை மாறுகிறது. 2025 மே மாதம் சித்ரா பௌர்ணமித் திதி 26 மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. அப்போது நிலவு பூமியிலிருந்து தொலைவில் மெதுவாகச் சென்றுகொண்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நிலவு பூமிக்கு அருகில் விரைந்து சென்றதால் பௌர்ணமித் திதி சுமார் 21 மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது.

இன்னொரு நுட்பமும் உண்டு. வானியலார் முழுநிலவு என்று குறிப்பது கோணம் சரியாக 180 பாகையாகும் கணத்தை. அது பௌர்ணமித் திதி முடியும் கணம். அக்டோபர் 2025-இல் அந்தக் கணம் 7-ஆம் தேதி காலை ஒன்பது மணியளவில் வந்தது. வெளிநாட்டில் அச்சான டைரிகள் பலவற்றில் 7-ஆம் தேதியில்தான் முழுநிலவின் வட்டக்குறி இருக்கும். ஆனால் திதி தொடங்கியது 6-ஆம் தேதி நண்பகல் வாக்கில். கிரிவலத்திற்குரிய இரவு 6-ஆம் தேதி இரவு! நம் பூக்கடைக்காரர் அந்த வட்டக்குறியை நம்பி 7-ஆம் தேதிக்குச் சரக்கு எடுத்திருந்தால், கூட்டம் ஊர் திரும்பிய பிறகு அவர் கடையில் பூ வந்து இறங்கியிருக்கும்.

வாக்கியப் பஞ்சாங்கத்திற்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்திற்கும் இடையிலும் திதி நேரங்கள் வேறுபடுவதுண்டு. இந்தியாவில் வழங்கும் இத்தகைய வேறுபாடுகளை ஆராய மேகநாத சாகா தலைமையில் 1952-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாட்டில் சுமார் 30 வகை நாட்கணக்குகள் வழங்குவதை அக்குழு கண்டது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கடைவீதி இன்றும் பௌர்ணமியைத்தான் பார்க்கிறது. ஆகவே அவ்வூரில் கடை வைத்திருப்பவர், ஒவ்வொரு மாதமும் கோயில் நிர்வாகம் அறிவிக்கும் கிரிவல நேரத்தையே தம் ஏட்டில் குறித்துக்கொள்வது நலம்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் விந்தை

இந்த மூன்று கணக்குகளையும் ஒரே தாளில் காட்டும் கருவி ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் தினசரிக் காலண்டர். பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, அருகே தமிழ்த் தேதி, கீழே திதியும் நட்சத்திரமும் அவை முடியும் நேரமும். சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டியே அடுத்த ஆண்டின் காலண்டர் மாதிரிகள் வெளிவந்துவிடுகின்றன. மார்கழியில் துணிக்கடையும் நகைக்கடையும் இலவசமாகவே தருகின்றன.

இதில் இரண்டு குறைகள் உள்ளன. எழுத இடமில்லை, நாளை மறுநாளைக் காண வேண்டுமானால் தாளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கிழித்த தாளோடு நேற்றைய செய்தியும் போய்விடுகிறது. மாதக் காலண்டரோ முப்பது நாளையும் ஒரே பார்வையில் காட்டும். பால் வராத நாளுக்குச் சுழி, எரிவாயு உருளை மாற்றிய நாளுக்கு ஒரு கோடு என்று நம் வீடுகளில் அதில் குறித்துவைக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அதன் சிறு கட்டத்தில் ஒரு வாக்கியம்கூட அடங்காது.

டைரி வந்த வழி

டைரி என்றதும் நம் நினைவுக்கு வர வேண்டியவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்ஸின் துபாஷியாக விளங்கிய அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். தமிழ் ஆண்டு, மாதம், தேதியோடு ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே அவர் குறித்தார். இரு கணக்குகளுக்கு இடையில் வாழ்ந்தவருக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அவர் எழுதியது நடந்ததை. நடக்க வேண்டியதை எழுதுவதற்கென்று தேதியிட்ட வெற்றுப் பக்கங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் லண்டன் நகரின் ஜான் லெட்ஸ்; ஆண்டு 1812. துறைமுக நகரத்து வணிகர்களுக்குக் கப்பல் வருகையும் கணக்கும் குறிக்க அது உதவியது.

கழற்றி மாட்டக்கூடிய வளையங்களில் தாள்களைக் கோக்கும் ஏடு 1920-களில் லண்டனில் பரவத் தொடங்கியது. 2013-இல் ரைடர் கரோல் என்னும் அமெரிக்கர், தேதியே அச்சிடாத சாதாரண நோட்டில் புள்ளியும் குறியும் இட்டு எழுதும் முறையொன்றை வெளியிட்டார். இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஏடும் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்தவர்களுக்காகப் பிறந்தது. லண்டன் வணிகருக்குப் பொருந்திய பக்கம் தேரடி வீதிக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது.

தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள்

ஏடு வாங்கும் முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: என் வேலை எதனோடு சுழல்கிறது? மணிக்கணக்கில் ஆட்களைச் சந்திக்கும் மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ ஒருநாளுக்கு ஒருபக்க டைரி பொருந்தும். பள்ளி, கல்லூரி மாணவரின் வாழ்வு வாரத்தில் சுழல்கிறது. திங்கட்கிழமை இயற்பியல் செய்முறை, வெள்ளிக்கிழமை தேர்வு என்று கால அட்டவணை ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. அவருக்கு விரித்தால் ஒரு வாரம் முழுவதும் தெரியும் ஏடே ஏற்றது. நம் பூக்கடைக்காரருக்குப் பிறைச் சுழற்சி. வீட்டு வரி, காப்பீட்டுத் தவணை போன்றவற்றுக்கு ஆண்டுச் சுழற்சி.

இரண்டாவது கேள்வி: என் வேலைகளில் நாள் குறித்தவை எத்தனை, நாள் குறிக்காதவை எத்தனை? "வெள்ளிக்கிழமை தேர்வு" நாள் குறித்தது. "கடைக்குப் புதுத் தராசு வாங்க வேண்டும்" நாள் குறிக்காதது. தேதியிட்ட பக்கத்தில் இரண்டாவது வகையை எழுதினால், பக்கம் புரண்டதும் அது புதைந்துபோகும். அதற்குத் தனிப்பட்டியல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வேலை நினைவுக்கு வரும் இடத்தில் ஏடு இருக்குமா? கடைக்காரருக்கு அது கல்லாப்பெட்டியின் அருகே இருக்க வேண்டும். மாணவிக்குப் புத்தகப் பையில். குடும்பத்தார் அனைவரும் பார்க்க வேண்டியதற்குச் சமையலறைச் சுவர். பீரோவில் பூட்டி வைத்த தோலட்டை டைரியால் யாருக்கும் நினைவூட்ட முடியாது.

பிறை ஏடு

பூக்கடைக்காரருக்கான ஏட்டை இருபது நிமிடத்தில் நீங்களே செய்துவிடலாம். கோடிட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் பதினைந்து பதினைந்து வரி விடுங்கள். இடப்பக்கம் வளர்பிறை, பிரதமையில் தொடங்கிப் பௌர்ணமியில் முடியும். வலப்பக்கம் தேய்பிறை, அமாவாசையில் முடியும். தினசரிக் காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு திதிக்கும் நேரே ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். திதி தொடங்கும் நேரத்தைப் பௌர்ணமிக்கு மட்டும் குறித்தால் போதும். மண்டிக்குச் சொல்லும் நாள் திரயோதசி, கூடுதல் ஆள் வரும் நாள் சதுர்த்தசி என்பதெல்லாம் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரியில் வந்துவிடும். வரும் மாதத்துக்குப் புதிதாக யோசிக்க வேண்டியதே இல்லை.

இந்த ஏட்டின் பெரிய பயன் ஆண்டு முடிவில்தான் தெரியும். சித்ரா பௌர்ணமி 2024-இல் ஏப்ரல் 23-ஆம் தேதி வந்தது; 2025-இல் மே 12-ஆம் தேதி. ஒருவர் ஏப்ரல் விற்பனையை ஏப்ரலோடு ஒப்பிட்டால், 2025-இல் வியாபாரம் விழுந்துவிட்டது என்று பயந்துபோவார். மே மாதத்தைப் பார்த்துத் தேவையின்றி மகிழ்வார். கூட்டம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. கட்டம் மாறியதுதான் காரணம். பிறையைப் பிறையோடு ஒப்பிட்டால்தான் கணக்கு உண்மையைச் சொல்லும். கடன் வாங்குவதா, கடையை விரிவாக்குவதா என்ற முடிவுகளெல்லாம் இந்த ஒப்பீட்டின்மேல் நிற்கின்றன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பின்னிருந்து எண்ணுங்கள்

தீபத் திருவிழாவுக்கான பந்தக்கால், விழாவுக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே நடப்படுகிறது. பின்னர்க் கொடியேற்றம், பத்தாம் நாள் விடியற்காலை பரணி தீபம், மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம். கொப்பரை, ஆயிரக்கணக்கான கிலோ நெய், திரித்துணி ஆகியவை அதற்குள் மேலே சென்றிருக்க வேண்டும். முடிவு நாள் அசையாதது. ஆகவே வேலைகள் அங்கிருந்து பின்னோக்கி எண்ணப்படுகின்றன.

நாம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணி, எல்லாம் தடையின்றி நடக்கும் என்று நம்பிவிடுகிறோம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகியோர் 1979-இல் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினர். 1994-இல் ரோஜர் பியூலரும் குழுவினரும் கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாள். எல்லாமே மோசமாக நடந்தால்? 49 நாள் என்றனர். உண்மையில் ஆனது சுமார் 55 நாள்! தாங்கள் நினைத்த மிக மோசமான நிலையையும் நடைமுறை தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கை மகளின் ஏட்டில் இவ்வாறு பயன்படுத்தலாம். செய்முறைத் தேர்வு நாளை முதலில் எழுதட்டும். ரெக்கார்டு நோட்டில் பன்னிரண்டு சோதனைகள் மீதம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று எழுத முடியும் என்று தோன்றினால் இரண்டு என்றே கணக்கிடட்டும். அப்படியானால் ஆறு வாரம் வேண்டும். தேர்வு நாளிலிருந்து ஆறு வாரம் பின்னே எண்ணி, அந்த வாரத்தின் பக்கத்தில் "முதல் சோதனை" என்று எழுதட்டும். "சீக்கிரம் முடிக்க வேண்டும்" என்று எழுதுவதால் பயனில்லை. "செவ்வாய் இரவு சாப்பாட்டுக்குப் பின், வீட்டு மேசையில், ஊசல் சோதனை" என்று எழுத வேண்டும். ஜெர்மனியில் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறையில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் முடித்தனர். குறிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே முடித்தனர்.

மையும் பென்சிலும்

திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சூழ்நிலை மாறலாம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து, குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள். வல்லுநர் குழு மலையை ஆராய்ந்தது. பக்தர்கள் மலையேற அவ்வாண்டு அனுமதிக்கப்படவில்லை. தீபப் பணிக்குரியவர்கள் மட்டுமே சென்றனர். குறித்த நாளில் தீபம் ஏற்றப்பட்டது. நாள் மாறவில்லை; வழி மாறியது.

நம் ஏட்டிலும் இந்த வேறுபாட்டைக் காட்டலாம். மாறாத நாட்களை மையால் எழுதுங்கள். அவற்றை அடையும் வழிகளைப் பென்சிலால் எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு மாலைப்பொழுதையாவது வெற்றிடமாக விடுங்கள். காய்ச்சல், மழை, விருந்தினர் ஆகிய எதற்கும் அந்த இடம் தேவைப்படும்.

கைபேசி இருக்கக் காகிதம் எதற்கு?

சிலர் இப்படிக் கேட்கலாம். மணி நான்கானதும் ஒலி எழுப்பி அழைப்பதில் கைபேசியைக் காகிதம் வெல்ல முடியாது. அத்தகைய வேலைகளைக் கைபேசியிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஆனால் முப்பது நாளை ஒருசேரப் பார்த்து, எந்த வாரம் நெருக்கடி, எங்கே இடம் இருக்கிறது என்று சீர்தூக்கிப் பார்க்க விரிந்த தாளே வசதி. மேலும் சுவரில் தொங்கும் தாளை வீட்டில் எல்லோரும் படிக்கலாம்.

ஆகச் சராசரிக் குடும்பத்துக்கு மூன்று தாள்கள் போதும். சுவரில் ஒரு மாதக் காலண்டர்: மாறாத நாட்களுக்கு. அவரவர் சுழற்சிக்கு ஏற்றபடி கோடு போட்ட ஒரு நோட்டு: திட்டத்துக்கும், நாள் குறிக்காத வேலைப் பட்டியலுக்கும். சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள்: இன்றைய வேலைகளுக்கு, அதில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி, துண்டுத்தாளில் மிஞ்சியதை நோட்டுக்கு மாற்றுங்கள். ஒரே வேலை மூன்று முறை மாற்றி எழுதப்பட்டால், அதைச் சிறு வேலைகளாகப் பிரியுங்கள், அல்லது துணிந்து அடித்துவிடுங்கள்.

விலையுயர்ந்த ஏட்டை வாங்கும் முன், பழைய நோட்டில் எஞ்சியிருக்கும் தாள்களில் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். எந்தக் கட்டம் நிரம்புகிறது, எது காலியாகவே கிடக்கிறது என்று கவனியுங்கள். நிரம்பும் கட்டத்தைப் பெரிதாக்குங்கள். காலியாகக் கிடப்பதை நீக்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் வேலைக்கே உரிய ஏடு உங்கள் கையில் உருவாகியிருக்கும். மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: இவ்வாண்டின் பௌர்ணமிகளைத் தினசரிக் காலண்டரிலிருந்து எடுத்து எழுதி, அடுத்த ஆண்டு அவை எந்தத் தேதிகளில் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். புதிய காலண்டர் வீட்டுக்கு வரும் நாளில் உங்கள் விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.